டிசைன் திங்கிங், ட்ரிஸ், க்யூஎஃப்டி: மூணையும் ஒரே புராடக்ட்ல சேர்த்துப் பயன்படுத்தினவங்க இருக்கீங்களா?

கோவை_கிரைண்டர்
வணக்கமுங்க. கோவையில டேபிள்டாப் வெட் கிரைண்டர் செய்யற ஒரு சின்னக் கம்பெனியில டிசைன் பக்கம் இருக்கேன். அடுத்த மாடலுக்கான வேலை ஆரம்பிச்சிருக்கு. ஆரம்பத்துலயே டீம் மூணாப் பிரிஞ்சு நிக்குது.

டிசைன் காலேஜ் முடிச்சு வந்த பசங்க டிசைன் திங்கிங் பக்கம், "முதல்ல வீடு வீடாப் போய்ப் பார்க்கணும், அப்புறம்தான் பேப்பர்ல கோடு"ங்கறாங்க. டிக்யூஎம் (முழுமைத் தர மேலாண்மை) காலத்துல இருந்து இருக்கற சீனியர்கள் க்யூஎஃப்டி சார்ட், அதாவது வாடிக்கையாளர் கேக்கறதைப் பொறியியல் அளவா மாத்தற அட்டவணை, போட்டே ஆகணும்னு நிக்கறாங்க. புதுசா வந்த ஆர் அண்ட் டி மேனேஜர் ட்ரிஸ்ங்கற கண்டுபிடிப்பு முறையில ட்ரெயினிங் எடுத்தவர், அவருக்கு எல்லாமே முரண்பாடு மேட்ரிக்ஸ்தான் (ஒண்ணை மேம்படுத்தினா இன்னொண்ணு கெடற சிக்கலுக்கு வழி தேடற அட்டவணை). இதுக்கு நடுவுல மார்க்கெட்டிங் ஒரு சர்வே எடுத்துக் குடுத்துட்டாங்க. அதுல முதல் புகார் "கனமா இருக்கு". உடனே ஸ்பெக்ல (புராடக்ட் எப்படி இருக்கணும்னு எழுதற பட்டியல்) "மொத்த எடையைக் குறைக்க வேண்டும்"னு ஒரு வரி ஏறிடுச்சு.

மூணு முறையையும் சேர்த்துச் செய்ய முடியுமா? எது முன்னாடி, எது பின்னாடி? புத்தகத்துல இருக்கற படம் வேண்டாமுங்க, செஞ்சு பார்த்தவங்க சொல்லுங்க.

வைகைக்கரை
நல்ல கேள்வி. நான் மருத்துவக் கருவி டெவலப்மென்ட்ல ரொம்ப காலம் இருந்தவன். வரிசையைச் சொல்றதுக்கு முன்னாடி, எல்லாருக்கும் பழக்கமான ஒரு புராடக்டைப் பிரிச்சுப் பார்த்துடலாம்: குறைமாசக் குழந்தையைச் சூடா வெச்சுக்கற எம்பிரேஸ் இன்ஃபன்ட் வார்மர்.

2007ல ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல ஒரு வகுப்பு. ஏழை நாடுகளுக்கு ஏத்த மாதிரி, இன்குபேட்டர் விலையில ஒரு சின்னப் பங்குக்கு ஒண்ணு செய்யணும்ங்கறதுதான் குடுத்த வேலை. ஜேன் சென், லைனஸ் லியாங், நாகானந்த் மூர்த்தி, ராகுல் பணிக்கர்னு நாலு மாணவர்கள். சாதாரணமா என்ன செஞ்சிருப்பாங்க? இருக்கற இன்குபேட்டர்ல எந்தப் பார்ட்டை எடுத்துடலாம்னு பட்டியல் போட்டிருப்பாங்க. லியாங் காத்மாண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தப்போ, தானமா வந்த இன்குபேட்டர்கள் காலியா நின்னுக்கிட்டிருந்தது. குறைமாசக் குழந்தைங்க பெரும்பாலும் கிராமத்துல பொறக்குது, ஆஸ்பத்திரி வரைக்கும் வந்து சேர்றதே இல்ல. அங்கேயே கேள்வி மாறிடுச்சு. கரண்ட் இல்லாத வீட்டுல, அம்மா பக்கத்துலயே, குழந்தையைச் சூடா வெச்சுக்கறது எப்படி?

இது வரைக்கும் டிசைன் திங்கிங். இதுக்கு மேல அதால தள்ள முடியாது. ஏன்னா இப்போ கையில இருக்கறது ஒரு இயற்பியல் சிக்கல். சூடு தொடர்ந்து வரணும், ஆனா சூடு குடுக்கற கரண்ட் தொடர்ந்து இருக்கக் கூடாது. வெப்பநிலை ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது, கட்டுப்படுத்த எலக்ட்ரானிக்ஸும் கிடையாது. அவங்க பிடிச்ச வழி, உடம்புச் சூடான 37 டிகிரிகிட்ட உருகி உறையற மெழுகு மாதிரி ஒரு பொருள். பையைச் சூடாக்கி ஒரு தூங்கற பை மாதிரி இருக்கறதுக்குள்ள வெச்சுட்டா, அது மெல்ல உறையும். உறையற நேரம் முழுக்க அதே வெப்பநிலையில நிக்கும். மணிக்கணக்கா தாங்கும்.

ட்ரிஸ் படிச்சவங்களுக்கு இது தெரிஞ்ச முகம். ட்ரிஸ் தர்ற 40 தீர்வுக் கோட்பாடுகள்ல 36வது நிலைமாற்றம்: பொருள் திடத்துல இருந்து திரவமா, திரவத்துல இருந்து திடமா மாறும்போது நடக்கறதைப் பயன்படுத்திக்கோன்னு சொல்றது. அந்த மாணவர்கள் ட்ரிஸ் அட்டவணையைப் பார்த்துத்தான் அங்க போனாங்கன்னு நான் சொல்லல. சிக்கலை அந்த வடிவத்துல எழுதிட்டா விடைக்கான கதவு அந்தப் பக்கம் இருக்குன்னு ட்ரிஸ் காட்டியிருக்கும், அவ்வளவுதான்.

கதை அதோட முடியல. ப்ரோட்டோடைப்ல வெப்பநிலையை எண்ணாக் காட்டற ஒரு பட்டை இருந்தது. அதை இந்தியாவுல ஒரு அம்மாகிட்டக் காட்டினப்போ அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? இங்கிலீஷ் மருந்து வீரியம் ஜாஸ்தி, அதனால டாக்டர் ஒரு ஸ்பூன் சொன்னா நாங்க அரை ஸ்பூன் குடுப்போம். இதுல 37 வெக்கச் சொன்னா, பத்திரத்துக்கு 30 வெப்போம். குழந்தை உயிருக்கே ஆபத்து. அதுக்கப்புறம் எண்ணையே எடுத்துட்டாங்க. சரியா இருக்கா, இல்லையா, ரெண்டே நிலைதான் காட்டும். எந்த மேட்ரிக்ஸ்லயும் இது வராது. சாம்பிளைத் தூக்கிக்கிட்டு மறுபடி அந்த வாசல்ல போய் நின்னாத்தான் வரும்.

அதனால உங்க கேள்விக்கு என் பதில்: வரிசையைப் பத்தி ரொம்பக் கவலைப்படாதீங்க. ஒரு முறையில இருந்து இன்னொரு முறைக்குக் கைமாறுற இடத்துல என்ன தொலையுதுன்னு பாருங்க. வீட்டுல பார்த்தது ஸ்பெக்கா மாறுற இடம், ஸ்பெக் முரண்பாடா மாறுற இடம், விடை திரும்பி வீட்டுக்குப் போற இடம். உங்க "கனமா இருக்கு" முதல் கைமாத்துலயே சிக்கிட்டிருக்கு.

செவிலி_கலா
வைகைக்கரை சார், எம்பிரேஸ் நல்ல எடுத்துக்காட்டுதான். ஆனா பச்சிளங்குழந்தை வார்டுல வேலை செய்யறவளா ஒண்ணு சொல்லியே ஆகணும். 1978லேயே கொலம்பியா நாட்டு பொகோட்டாவுல எட்கர் ரே, ஹெக்டர் மார்டினெஸ்னு ரெண்டு டாக்டர்கள் இன்குபேட்டர் பத்தாத குறைக்கு ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. குழந்தையை அம்மா நெஞ்சோட, தோலோட தோலா அணைச்சுக் கட்டி வைக்கறது. கங்காரு தாய் பராமரிப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒருங்கிணைச்ச ஆய்வு 2021ல வந்தது. பொறந்த உடனே இதை ஆரம்பிச்சா, எடை குறைஞ்ச குழந்தைங்க முதல் 28 நாள்ல இறக்கறது 25 சதவீதம் குறையுதுன்னு காட்டினாங்க. டெல்லி சஃப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் அந்த ஆய்வுல இருந்தது.

இதுல புராடக்டே கிடையாது. ஒரு துணி, ஒரு அம்மா, ஒரு வசதியான நாற்காலி, பக்கத்துல சொல்லிக் குடுக்க ஒரு நர்ஸ். "எந்தக் கருவி செய்யலாம்"னு ஆரம்பிச்சா இந்த விடைக்கு வந்து சேரவே முடியாது. உங்க முறைகள்ல இதைக் கேட்க இடம் இருக்கா?

வைகைக்கரை
இருக்குங்க மேடம், இருக்கணும். ட்ரிஸ்ல "உன்னத இறுதி விளைவு"ன்னு ஒரு பயிற்சி உண்டு. கருவியே இல்லாம வேலை தானா நடந்தா எப்படி இருக்கும்னு முதல்ல எழுதச் சொல்லும். அங்க இருக்கற வளம் எதைப் பயன்படுத்தலாம்னு அடுத்துக் கேட்கும். அம்மா உடம்புச் சூடு அந்த இடத்துல ஏற்கெனவே இருக்கற வளம். அம்மாவுக்கு உடம்பு முடியாதப்போ, குழந்தையை வேற ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறப்போ வார்மருக்கு வேலை வரும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு போட்டி இல்ல. நீங்க சொன்னதை நான் முன்னாடியே எழுதியிருக்கணும், நன்றி.

டூல்ரூம்_மணி
எல்லாம் படிச்சேன். எனக்கு ஒரு சந்தேகம். 1955ல நம்ம கோவையில சபாபதி வெட் கிரைண்டரைக் கொண்டு வந்தப்போ எந்த சார்ட் போட்டாரு? ஆட்டுக்கல்லுல என்ன நடக்குதுன்னு தெரிஞ்ச ஆளு, மோட்டாரும் பெல்ட்டும் தெரிஞ்ச ஆளு, ரெண்டும் ஒரே மண்டைக்குள்ள இருந்துச்சு. செஞ்சாரு, ஓடுச்சு. நானும் பட்டறையிலேயே வளர்ந்தவன்தான். ஒரு நாள் வொர்க்‌ஷாப் நடத்தி, செவுரு பூரா கலர் சீட்டு ஒட்டிட்டுப் போனவங்களை நிறையப் பார்த்துட்டேன். அந்தச் சீட்டுல இருந்து ஒரு ட்ராயிங் வந்து நான் பார்த்ததில்ல.

மரப்பாச்சி
மணி அண்ணா, நான் டிசைனர். கலர் சீட்டு பத்தி நீங்க சொன்னதுல எனக்கு மறுப்பே இல்ல. ஆனா சபாபதி விஷயத்துல நீங்களே விடையைச் சொல்லிட்டீங்க: ரெண்டும் ஒரே மண்டைக்குள்ள இருந்துச்சு. ஜெய்ப்பூர் கால் கதையும் அதேதான். 1968ல டாக்டர் சேத்தியும் சிற்பி ராம் சந்திர சர்மாவும். அப்போ இருந்த செயற்கைக் கால் ஷூ போட்டு நடக்கறவங்களுக்கானது. குத்துக்கால் போட்டு உக்கார முடியாது, சம்மணம் போட முடியாது, வெறுங்காலோட வயல்ல இறங்க முடியாது. நோயாளிக்கு என்ன வேணும்னு டாக்டருக்குத் தெரியும், ரப்பரை எப்படி வார்த்து வல்கனைஸ் பண்றதுன்னு சர்மாவோட கைக்குத் தெரியும். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல இருந்தாங்க.

இன்னைக்குக் கம்பெனியில வீட்டுக்குப் போறது ஒருத்தர், ஸ்பெக் எழுதறது ஒருத்தர், ட்ராயிங் போடறது ஒருத்தர், மோல்டு வெட்டறது இன்னொரு ஊர்ல இருக்கற ஒருத்தர். ஒரே மண்டைக்குள்ள நடந்ததை நாலு மண்டைக்கு நடுவுல நடத்தணும்னா எழுதி வைக்க ஒரு முறை வேணும். எனக்குத் தெரிஞ்சு இந்தச் சார்ட்டுக்கெல்லாம் இதுதான் வேலை.

கோவை_கிரைண்டர், உங்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்குப் போறப்போ பசங்களை மட்டும் அனுப்பாதீங்க. ஃபிட்டரையும் அந்த ட்ரிஸ் மேனேஜரையும் கூட்டிட்டுப் போங்க. யாரையும் பேட்டி எடுக்காதீங்க. "ஞாயித்துக்கிழமை மாவு அரைக்கறப்போ வந்து ஒரு ஓரமா நிக்கறோம்"னு மட்டும் கேளுங்க. ஊற வெக்கறதுல இருந்து கழுவிக் கவுத்து வெக்கறது வரைக்கும் பாருங்க.

திருச்சி_பெல்
மேல வந்ததோட ஒண்ணு சேர்க்கறேன். எல்லாத்துக்கும் மூணு முறையும் வேணும்னு கிடையாது. ஜிஇ கம்பெனியோட எம்ஆர்ஐ மெஷினைப் பார்த்துக் குழந்தைங்க பயந்து அழுதப்போ, டக் டீட்ஸ்ங்கற டிசைனர் மெஷினோட உள்பக்கத்தைத் தொடவே இல்ல. அறையைக் கடற்கொள்ளைக் கப்பலா மாத்தினாரு, டெக்னீஷியனுக்கு ஒரு கதை எழுதிக் குடுத்தாரு. மயக்க மருந்து தேவைப்பட்ட குழந்தைங்க எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சது. அங்க முரண்பாடே இல்ல, மேட்ரிக்ஸைத் தொறக்க வேண்டிய அவசியமும் இல்ல.

கோவை_கிரைண்டர்
எல்லாருக்கும் நன்றிங்க. மரப்பாச்சி மேடம் சொன்ன மாதிரியே ஃபிட்டர், மேனேஜர், டிசைன் பசங்கன்னு கலந்து சில வீடுகளுக்குப் போயிட்டு வந்தோம். ஒரு வீட்டுல பார்த்ததை அப்படியே எழுதறேன்.

அந்தம்மாவுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும். உளுந்து அரைச்சு முடிஞ்சது. மேல இருக்கற லாக்கைத் தளர்த்தி, குழவிச் செட்டைத் தூக்கி, ஒட்டியிருக்கற மாவை விரலால வழிச்சு விட்டாங்க. இதுல சிரமமே தெரியல. அடுத்து ட்ரம். மாவோட தூக்கல, கரண்டியால பாதி எடுத்துட்டு, மீதியைக் கையால வழிச்சாங்க. அப்புறம் காலி ட்ரம்மை ஸ்பிண்டில்ல இருந்து தூக்கணும். உளுந்து மாவு பட்ட ஸ்டீல் விளிம்பு, வழவழன்னு இருக்கு. விரல் நிக்கற அளவுக்கு அகலமும் இல்ல. சேலைத் தலைப்பை ரெண்டு பக்கமும் சுத்திப் பிடிச்சுத் தூக்கினாங்க. கிச்சன் சிங்க்ல ட்ரம் உக்காராது. அதனால பின்பக்கக் குழாயடிக்குக் கொண்டு போய்த் தரையில வெச்சுக் கழுவினாங்க. கடைசியில கழுவின தண்ணியைக் கொட்ட, தண்ணியோட சேர்த்து, குனிஞ்ச நிலையில, ஈரக் கையோட சாய்க்கணும். அங்கதான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டாங்க.

"கனமா இருக்குங்களா?"ன்னு நாங்க கேக்கவே இல்ல. அவங்களாச் சொன்னது: "பையன் இருக்கற அன்னிக்குத்தான் அரைப்பேன்."

இன்னொண்ணு. எடை கம்மியான பிளாஸ்டிக் பாடி மாடல் வெச்சிருந்த வீட்டுல, ஓடும்போது மேடையில நகருதுன்னு அடியில ஈரத்துணி விரிச்சிருந்தாங்க. மொத்த எடையைக் குறைக்கணும்ங்கற எங்க ஸ்பெக், மேனேஜர் கண்ணு முன்னாடியே அங்கேயே காலி ஆயிடுச்சு.

வைகைக்கரை
அருமை! இதைத்தான் கேட்டேன். "எடை"ங்கற ஒரே சொல்லுக்குள்ள நாலு விஷயம் ஒளிஞ்சிருந்திருக்கு பாருங்க: பிடி, வழுக்கல், குனியறது, தண்ணியோட தூக்கறது. மெஷின் அடிப்பாகம் கனமா இருக்கறது நல்லதுன்னுகூட ஆயிடுச்சு.

ஏரிஸ்_காரன்
இப்போ என் முறை. நான் ட்ரிஸ் சொல்லித் தர்றவன். ட்ரிஸை உருவாக்கின ஆல்ட்ஷுல்லர் 1946ல சோவியத் கடற்படையில காப்புரிமைப் பிரிவுல வேலை செஞ்சப்போ ஆரம்பிச்ச வேலை இது. ஸ்டாலினுக்கே கடிதம் எழுதி, 1950ல கைதாகி, வொர்கூடா கட்டாய உழைப்பு முகாமுக்குப் போய், 1954ல வெளிய வந்து அப்புறமும் விடாம முடிச்சார். அவர் சொன்ன மையக் கருத்து, நல்ல கண்டுபிடிப்புல சமரசம் இருக்காது, முரண்பாடு தீர்ந்திருக்கும்ங்கறது.

உங்க முரண்பாட்டை எழுதலாம். "ட்ரம் கனமா இருக்கணும், லேசாவும் இருக்கணும்." இது உண்மையான முரண்பாடா? முதல் பாதியைக் கேள்வி கேளுங்க. ட்ரம் ஏன் கனமா இருக்கணும்? அரைபடறதுக்கு அழுத்தம் வேணும். அந்த அழுத்தம் எங்கிருந்து வருது? மேல இருக்கற குழவியோட எடை, லாக்குல ஸ்ப்ரிங் இருந்தா ஸ்ப்ரிங். ட்ரம்மோட அடிக்கல்லு கீழ இருந்து தாங்குது, அவ்வளவுதான். அதுக்குக் கடினமும் சொரசொரப்பும் வேணும். கனம் அதோட வேலையே இல்ல.

அடுத்து, நேரத்தால பிரிக்கறது. கனம் அரைக்கறப்போ பிரச்சனை இல்ல, கழுவறப்போதான் பிரச்சனை. கழுவறப்போ தூக்காமலே இருக்க வழி உண்டா? டில்டிங் கிரைண்டர் இதை மாவு ஊத்தறதுக்குத் தீர்த்துடுச்சு. அதே சாய்வைக் கழுவின தண்ணி கொட்டறதுக்குக் கொண்டு வர முடியுமான்னு பாருங்க.

ஒரு சின்ன விஷயம், வகுப்புல எப்பவும் சொல்வேன். 13வது கோட்பாடு, தலைகீழாக்கறது: நகர்றதை நிறுத்து, நிக்கறதை நகர்த்து. ஆட்டுக்கல்லுல உரல் நிக்கும், குழவி சுத்தும். வெட் கிரைண்டர்ல குழவி நிக்குது, உரல் சுத்துது. இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எந்த வெளிநாட்டுப் பாடத்துலயும் நான் பார்க்கல.

டூல்ரூம்_மணி
13வது கோட்பாடு நல்லா இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அடிக்கல்லை மெல்லிசாக்கிடலாம்னு நினைக்காதீங்க. கல்லை லேத்துல ஏத்தறப்போ, நடு ஓட்டை போடறப்போ மெல்லிசுக் கல்லு விரிசல் விடும். விட்டது அப்பவே தெரிஞ்சாப் பரவாயில்ல, கஸ்டமர் வீட்டுல போய்த் தெரியும். அதோட, அஞ்சாறு வருஷம் கழிச்சுக் கல்லு வழவழப்பாயிட்டா கொத்திக் குடுக்கறாங்க. கொத்தறதுக்குத் தடிமன் வேணும். ஸ்பிண்டில் ஸ்லீவும் கல்லும் சேர்ற இடத்துல சீல் பிடிப்புக்கும் உயரம் வேணும். அந்தச் சீல் போனா மாவுத் தண்ணி கீழ இறங்கி பேரிங் போயிடும். டில்ட் வெச்சா இன்னொரு மூட்டு, இன்னொரு லாக்கு, அதுக்கு இன்னொரு ஆட்டம்.

சனத்நகர்_க்யூ
க்யூஎஃப்டி சார்ட் ஒரு வீடு மாதிரி இருக்கும், மணி சார் இப்போ சொன்னதுதான் அந்த வீட்டோட கூரை. 1966ல யோஜி அகாவோ இந்த யோசனையைத் தொடங்கினார். 1972ல மிட்சுபிஷியோட கோபே கப்பல் தளத்துல அட்டவணை வடிவம் வந்தது. இடப் பக்கம் வாடிக்கையாளர் சொன்னது, மேல பொறியியல் அளவுகள், அதுக்கும் மேல முக்கோணக் கூரையில ஒரு அளவை மாத்தினா வேற எது கெடும்ங்கறது. "கல் தடிமன் குறைஞ்சா கொத்தற ஆயுள் குறையும், விரிசல் கூடும்" – இது கூரையில ஒரு கட்டம். அங்க எதிர்க்குறி விழற ஒவ்வொரு கட்டமும் ட்ரிஸ் காரங்களுக்கு ஒரு முரண்பாடு. ரெண்டு முறைக்கும் இயற்கையான இணைப்பு இந்தக் கூரைதான்.

எச்சரிக்கை ஒண்ணு. 30 தேவை, 40 அளவுன்னு போட்டா 1200 கட்டம். அதை நிரப்பி முடிக்கறதுக்குள்ள எல்லாரும் களைச்சுப் போயிருவாங்க, மார்க் போடறது சம்பிரதாயமாயிரும். வீட்டுல பார்த்த ஏழெட்டு வரியோட நிறுத்துங்க. முக்கியமா, இடப் பக்கத்துல "எடை குறைவு"ன்னு எழுதாதீங்க. "ஈரக் கையோட, யார் உதவியும் இல்லாமக் கழுவிக் கவுத்து வைக்கணும்"னு முழு வாக்கியமா எழுதுங்க. அப்போ மேல வர்ற அளவே வேற மாதிரி வரும்: விளிம்போட அகலம், ஈரத்துல பிடிப்பு, தரையில இருந்து தூக்கற உயரம், தண்ணி வடியற நேரம்.

மரப்பாச்சி
அந்த வாக்கியத்தைச் செவுத்துல ஒட்டுங்க. எத்தனை மாடல் வரைஞ்சாலும் அதைப் படிச்சுட்டே பாருங்க. ஆட்டம் வர்ற டில்ட் மூட்டைவிட, ரெண்டு பக்கமும் நல்லா விரல் நுழையற மடக்குக் கைப்பிடி பாதிப் பிரச்சனையை முடிக்கும்னு தோணுது. கைப்பிடி இருக்கற பாத்திரம் கழுவ அதிக இடுக்கு இருக்கும், மாவு ஒட்டும். அதையும் சேர்த்துப் பாருங்க.

கோவை_கிரைண்டர்
முடிவு பண்ணியாச்சுங்க. கூரையில விழுந்த எதிர்க்குறிகளை வெச்சு ஒரு முழு நாள் ட்ரிஸ்ல உக்கார்ந்தோம். நிறைய வந்தது. இப்போ ஓடற மாடலை அளவுகோலா வெச்சு, பியூ முறையில ஒவ்வொண்ணும் அதைவிட மேலா, கீழா, சமமான்னு போட்டுப் பார்த்து மூணை நிறுத்தினோம்.

ஒண்ணு, ட்ரம் விளிம்பை வெளிப்பக்கமா அகலமா உருட்டி, அடியில விரல் பதியற பள்ளம். இடுக்கு இல்லாம உருட்டினதால மாவு ஒட்டாது. ரெண்டு, ட்ரம்மைத் தூக்காமலே மெஷின் மேல வெச்சுக் கழுவற மாதிரி, பாடி கவிழாம சாயற அடித்தளம். எடையை அடித்தளத்துல கீழ இறக்கினதால மேடையில நகராது. மூணு, கல்லோட தடிமன் ஓரத்துல மட்டும் குறையும், குழவி ஓடற இடத்துலயும் நடு ஸ்லீவ்கிட்டயும் அப்படியே இருக்கும். மூணாவதை மணி சார் பார்த்துச் சொல்லணும், ஓரம் சரிவா இருந்தா லேத்துல எப்படிங்க பிடிக்கறது?

டூல்ரூம்_மணி
ஓரச் சரிவைக் கடைசி ஆபரேஷனா வைங்க. முதல்ல முழுத் தடிமன்ல ஓட்டை போட்டு, ஸ்லீவ் ஒட்டி, அந்த ஸ்லீவ்லயே மேண்ட்ரல் (உள்ள நுழைச்சுப் பிடிக்கற தண்டு) குடுத்துப் பிடிச்சு அப்புறம் சரிவை எடுங்க. விரிசல் வாய்ப்பு நிறையக் குறையும். கல்லு எந்தக் குவாரின்னு தெரிஞ்சா இன்னும் சரியாச் சொல்வேன், வரி ஓடற கல்லா இருந்தா ஓரத்துல செதில் பேரும். பத்து கல்லு இப்படிப் போட்டு ரெண்டு வாரம் வெறும் தண்ணியில ஓட விட்டுப் பாருங்க. ட்ராயிங்கை அனுப்பி வைங்க, பார்க்கறேன்.

மரப்பாச்சி
சாம்பிள் தயாரானதும் முதல்ல அந்தக் குழாயடி வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க. உளுந்துதான் அரைக்கணும், அரிசி வேண்டாம், அதுல வழுக்கல் தெரியாது. விளிம்புப் பள்ளத்தை அவங்களுக்குக் காட்டிக் குடுக்காதீங்க. கை தானா அங்க போகுதா, இல்ல மறுபடி தலைப்பைத்தான் சுத்தறாங்களான்னு பாருங்க.

கோவை_கிரைண்டர்
சரிங்க மேடம். கல்லு வந்ததும் ட்ராயிங்கோட புது இழை போடறேன். மணி சாருக்கு இன்னிக்கு ராத்திரியே அனுப்பிடறேன்.